அரசாங்கம் மூடினால் சமுதாய வானொலி லைசென்ஸ் என்ன ஆகும்? – விவாத இழை

கேள்வி – 2025 அக்டோபர் 2, மிச்சிகனிலிருந்து ஒரு வாசகர்

அண்ணா, நாடாளுமன்றம் செலவுக்குப் பணம் ஒதுக்காததால் நேற்று முதல் அமெரிக்க அரசு முடக்கம் என்கிறார்கள். நீங்கள் சனிக்கிழமை தமிழ் நிகழ்ச்சி செய்கிற அந்தச் சின்ன எஃப்.எம். நிலையத்துக்கு லைசென்ஸ் கொடுப்பதே மத்திய அரசுதானே? அப்படியென்றால் ஒலிபரப்பை நிறுத்த வேண்டுமா? எங்கள் ஊரிலும் சிலர் சேர்ந்து விண்ணப்பிக்க நினைத்திருக்கிறோம். இனி அது கிடப்பில்தானா?

அக்டோபர் 2, இரவு

நிறுத்த வேண்டாம். லைசென்ஸ் எட்டு வருடத்துக்கு ஒரு முறை. ஒஹாயோ, மிச்சிகன் நிலையங்களுக்கெல்லாம் 2028 அக்டோபர் 1 வரை செல்லும். வாஷிங்டனில் ஆபீஸ் பூட்டிக் கிடந்தாலும் இங்கே டிரான்ஸ்மிட்டர் ஓடும்.

நிற்பது கையெழுத்து. இடம் மாற்ற, ஆண்டெனா உயரம் மாற்ற, கொஞ்ச நாளைக்கு வேறு மாதிரி ஒலிபரப்ப, நிர்வாகத்தை இன்னொரு அமைப்பிடம் ஒப்படைக்க என்று எதற்கெல்லாம் லைசென்ஸ் கொடுக்கும் மத்திய ஆணையமான எஃப்.சி.சி.யின் சம்மதம் முன்கூட்டியே வேண்டுமோ அதெல்லாம் அப்படியே உறைந்துவிடும். உங்கள் ஊர் விண்ணப்பம் கிடப்பில் போடப்படாது, ஏனென்றால் இப்போது விண்ணப்பிக்கவே முடியாது. எங்களைப் போன்ற குறைந்த திறன் எஃப்.எம்.முக்கு எஃப்.சி.சி. அறிவிக்கும் காலத்தில் மட்டும்தான் புது விண்ணப்பம் வாங்குவார்கள். கடைசியாக வாங்கியது 2023 டிசம்பரில். அதற்கு முன் 2013ல்.

அக்டோபர் 3

நேற்றைய பதிலில் பாதிப் பேருக்கு அடிப்படையே புரியவில்லை என்று தெரிகிறது. சுருக்கமாக: இங்கே சமுதாய வானொலி என்று நாங்கள் சொல்வது பெரும்பாலும் எல்.பி.எஃப்.எம். எனப்படும் குறைந்த திறன் எஃப்.எம். அதிகபட்சம் 100 வாட், சுற்றிலும் ஐந்தரை கிலோமீட்டர் தூரம் வரை சுத்தமாகக் கேட்கும். லாப நோக்கமில்லாத அமைப்புகளுக்கு மட்டும். விளம்பரம் கூடாது, ஆதரவாளர் பெயர் சொல்லலாம். 2000ல் தொடங்கியது, இன்று நாடு முழுக்கச் சுமார் 2,000 நிலையங்கள். பெரும்பாலானவற்றில் சம்பளம் வாங்கும் ஆள் ஒருவரும் கிடையாது. எங்கள் நிலையத்தில் ஃபைலிங் வேலை என் தலையில் விழுந்ததற்குக் காரணம், முதல் கூட்டத்தில் என்னிடம் மட்டும்தான் லேப்டாப் இருந்தது.

அக்டோபர் 3, மறுபடி

"அதிகாரிகள் சும்மா வீட்டில்தானே இருப்பார்கள், ஒரு ஈமெயிலுக்குப் பதில் போட்டால் என்ன குறைந்துவிடும்" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். போட்டால் சட்டப்படி குற்றம். நாடாளுமன்றம் ஒதுக்காத பணத்தில் எந்த அலுவலகமும் செலவு செய்யக்கூடாது என்று 19ஆம் நூற்றாண்டிலிருந்தே ஒரு சட்டம் இருக்கிறது. அதிலேயே இன்னொரு விதி: உயிருக்கோ சொத்துக்கோ ஆபத்து என்றால் ஒழிய, ஊழியர் சம்பளம் வாங்காமல் தன்னார்வமாக வேலை செய்வதையும் அரசு ஏற்கக்கூடாது.

பல காலம் அதை யாரும் கறாராக எடுத்துக்கொள்ளவில்லை. பட்ஜெட் தாமதமானாலும் ஆபீஸ் நடந்துகொண்டுதான் இருந்தது. 1980ல் அட்டர்னி ஜெனரல் பெஞ்சமின் சிவிலெட்டி, பணம் ஒதுக்கவில்லையென்றால் கதவைச் சாத்தத்தான் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். அடுத்த சில நாளில், மே 1 அன்று, மத்திய வர்த்தக ஆணையத்தை ஒரு நாள் மூடினார்கள். இன்றைய கூத்தெல்லாம் அங்கே தொடங்கியது.

எஃப்.சி.சி.யின் வானொலிப் பிரிவில் எங்கள் மாநிலக் கோப்புகளைப் பார்க்கும் பொறியாளர் ஒருவர் இருக்கிறார். நல்ல மனிதர், கேட்ட அன்றே பதில் போடுவார். நேற்று அவரிடமிருந்து வந்தது தானியங்கிப் பதில்: நிதி இல்லாததால் நான் பணியில் இல்லை, இந்த மின்னஞ்சலைப் படிக்க எனக்கு அனுமதி இல்லை. இந்தப் பக்கம் பத்து வருடத்துக்கு மேலாகச் சம்பளமில்லாமல் நிலையம் நடத்துகிற நாங்கள். அந்தப் பக்கம் சம்பளமில்லாமல் வேலை செய்தால் சட்டவிரோதம் என்று வீட்டில் உட்கார வைக்கப்பட்டவர்.

அக்டோபர் 5

வயிற்றெரிச்சலான ஒரு விஷயம். எஃப்.சி.சி. ஒரு வருடத்துக்குச் செலவழிக்கும் சுமார் 39 கோடி டாலரும் வரிப்பணத்திலிருந்து வருவதில்லை. தொலைபேசி கம்பெனிகள், டி.வி. நிலையங்கள், வணிக வானொலிகள் கட்டும் வருடாந்தரக் கட்டணத்திலிருந்தே வசூலாகிவிடுகிறது. அந்தக் கட்டணத்துக்குக் கடைசி நாள் செப்டம்பரில் வரும். கல்லாப்பெட்டி நிரம்பிய கையோடு அக்டோபர் 1 அன்று "செலவழிக்க அனுமதி இல்லை" என்று கடையைச் சாத்துகிறார்கள். பணம் இருந்தாலும் நாடாளுமன்றம் தலையசைத்தால்தான் தொட முடியும். (எங்களைப் போன்ற வணிகமற்ற நிலையங்கள் அந்தக் கட்டணத்தைக் கட்டுவதில்லை. ஆகவே "நாங்கள் கட்டிய காசு" என்று சண்டை போடவும் எங்களுக்கு வழியில்லை.)

அக்டோபர் 5, மாலை

"நம்ம ஊரில் இப்படி நடக்குமா?" நடக்காது. மக்களவையில் நிதி மசோதா தோற்றால் அரசாங்கமே போய்விடும், ஆபீஸ் மூடாது. பட்ஜெட் முழுதாக நிறைவேறும் வரை சில மாதச் செலவுக்கு முன்கூட்டியே ஒப்புதல் வாங்கிக்கொள்ள அரசமைப்புச் சட்டத்தில் 116ஆம் பிரிவு இருக்கிறது. ஆனால் சென்னையில் அண்ணா பல்கலைக்கழகத்தின் சமுதாய வானொலி 2004ல் வந்த பிறகு அனுமதி கேட்டு அலைந்த அமைப்புகளிடம் பேசிப் பாருங்கள். ஆபீஸ் திறந்திருக்கும்போதே ஃபைல் தூங்குவது எப்படி என்று சொல்லித் தருவார்கள்.

அக்டோபர் 9

2013 முடக்கத்தின்போது நாங்கள் விண்ணப்பித்த கதையை எழுதச் சொன்னீர்கள். இது நீளும்.

எல்.பி.எஃப்.எம். வந்த 2000ஆம் வருடமே, டிசம்பரில், பெரிய ஒலிபரப்பாளர்கள் நாடாளுமன்றத்தைப் பிடித்து ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். சின்ன நிலையங்கள் பெரியவர்களின் அலைவரிசையிலிருந்து கூடுதல் இடைவெளி விட வேண்டும் என்று. பெரிய ஊர்களில் அவ்வளவு இடைவெளிக்கு இடமே கிடையாது. அதனால் பத்து வருடம் பெரும்பாலும் கிராமப்புறத்தில்தான் நிலையம் வந்தது. அந்தத் தடையை நீக்கும் சட்டத்தில் ஒபாமா 2011 ஜனவரியில் கையெழுத்திட்டார். அதன் பிறகு வந்த முதல் பெரிய விண்ணப்பக் காலம் 2013 அக்டோபர் 15 முதல் 29 வரை. பத்து வருடத்துக்கும் மேல் காத்திருந்தவர்களுக்கு இரண்டு வாரம்.

அக்டோபர் 1, அரசு முடக்கம்.

இப்போது மாதிரி இல்லை. அன்று இணையதளமே போய்விட்டது. ஒரு அறிவிப்புப் பலகையைத் தவிர ஒன்றும் வராது. சுமார் 1,700 ஊழியரில் 40 பேரைக்கூட வைத்துக்கொள்ளவில்லை. விண்ணப்பிக்கும் அமைப்பு இல்லை. அமைப்புக்குப் பதிவெண் எடுக்கும் பக்கம் இல்லை. எந்த அலைவரிசை காலி என்று பார்க்கும் கருவி இல்லை.

நாங்கள் எங்கள் வீட்டுச் சமையலறை மேசையில் உட்கார்ந்திருந்தோம். ஓய்வுபெற்ற டெலிபோன் மெக்கானிக் ஒருவர், ஊர் நூலகர், நான். மெக்கானிக் முந்தின வாரமே அலைவரிசைத் தேடல் பக்கத்தைப் பிரிண்ட் எடுத்து வைத்திருந்தார். கிண்டல் செய்திருந்தோம். அன்றைக்கு அந்தத் தாளைச் சாமிபடம் மாதிரி எடுத்து வைத்தார். தானியக் கிடங்கின் கோபுர உச்சியில் ஆண்டெனா வைக்கச் சொந்தக்காரர் சம்மதக் கடிதம் கொடுத்திருந்தார். கடல் மட்டத்திலிருந்து அந்த இடம் எத்தனை மீட்டர் என்ற எண் மட்டும் நிரப்பவில்லை. அதைப் பார்க்க வேண்டிய பக்கமும் மூடிக் கிடந்தது. கடைசியில் மாவட்ட நில அளவை ஆபீசில் போய்க் கேட்டு வாங்கினோம். அது மாவட்ட அரசு, அதற்கு விடுமுறை கிடையாது.

முடக்கம் 16ஆம் தேதி இரவு முடிந்தது. 15ஆம் தேதி திறந்திருக்க வேண்டிய கதவு தாமதமாகத் திறந்தது, ஆனால் கடைசி நாளை நவம்பர் நடுப்பகுதி வரை தள்ளினார்கள். ஃபிலடெல்பியாவின் ப்ரொமீதியஸ் ரேடியோ ப்ராஜெக்ட் மாதிரியான குழுக்கள் அந்த நாட்களில் புதியவர்களுக்குக் கைபிடித்துச் சொல்லிக் கொடுத்தார்கள். மொத்தம் 2,800 விண்ணப்பத்துக்கு மேல் சேர்ந்தது.

அக்டோபர் 9, பின்குறிப்பு

மேலே எழுதியதைப் படித்தால் நாங்கள் பாதிக்கப்பட்டவர்கள் என்று தோன்றும். யோசித்துப் பார்த்தால் அந்த முடக்கம் எங்களைக் காப்பாற்றியது. லாப நோக்கமில்லாத அமைப்பாக மாநிலத்தில் பதிவான சான்றிதழ் எங்கள் கைக்கு வந்தது அக்டோபர் கடைசியில். விண்ணப்பம் போடும் நாளில் அமைப்பு சட்டப்படி இருந்தாக வேண்டும். பழைய தேதியே நின்றிருந்தால் எங்களுக்குச் சங்கடம்தான்.

அதே நீட்டிப்பில் பக்கத்து ஊரிலிருந்து ஒரு குழுவும் உள்ளே வந்தது. அதே அலைவரிசை! இருவரில் ஒருவருக்குத்தான் கிடைக்கும். உள்ளூரில் எத்தனை வருடமாக இயங்குகிறீர்கள், தினம் எத்தனை மணி நேரம் சொந்த நிகழ்ச்சி என்று மதிப்பெண் போட்டுப் பார்ப்பார்கள். சமமாக வந்தால் நேரத்தைப் பங்கு போட வேண்டியதுதான். பல மாதம் இழுத்து, கடைசியில் அவர்கள் வேறு அலைவரிசைக்கு மாறிக்கொண்டார்கள். இப்போது அவர்களும் நாங்களும் நல்ல நண்பர்கள், மைக் கேபிள் கடன் வாங்கும் அளவுக்கு.

அக்டோபர் 11

"வரித்துறையும் மூடிவிட்டது, வரிவிலக்கு இல்லாமல் வானொலி லைசென்ஸ் கிடைக்காது" என்று இங்கே ஒருவர் அடித்துச் சொல்கிறார். தவறு. எல்.பி.எஃப்.எம்.முக்கு மாநிலச் சட்டப்படி லாப நோக்கமில்லாத அமைப்பாகப் பதிவாகியிருந்தால் போதும். மத்திய வரிவிலக்கு நன்கொடை திரட்ட உதவும், லைசென்சுக்குக் கட்டாயமில்லை.

அக்டோபர் 14

இதுவரை ஊர்க்கதை. இனி சொந்தக் கதை.

தானியக் கிடங்கைக் கோடையில் விற்றுவிட்டார்கள். வாங்கிய புது முதலாளிக்கு உச்சியில் எங்கள் ஆண்டெனா பிடிக்கவில்லை. காப்பீட்டுக்காரர் கேள்வி கேட்கிறாராம். அக்டோபர் 31க்குள் இறக்கச் சொல்லிவிட்டார். எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் பழைய சொந்தக்காரரோடு முடிந்த கதை.

ஊராட்சியின் பழைய தண்ணீர்த் தொட்டிக் கோபுரத்தில் இடம் கேட்டோம், கொடுத்தார்கள். 2020க்கு முன்பு என்றால் 5.6 கிலோமீட்டருக்கு மேல் நகர்வதை சிறு மாற்றமாக ஏற்கமாட்டார்கள். இப்போது 11.2 வரை போகலாம், எங்களுக்கு அது தாராளம். செப்டம்பரில் இடமாற்ற விண்ணப்பம் போட்டாயிற்று. நல்ல காலத்தில் சில வாரத்தில் அனுமதி வந்துவிடும்.

திரையில் இப்போதும் "நிலுவையில்" என்றுதான் இருக்கிறது. தினம் காலையில் காபியோடு அதை ஒரு முறை திறந்து பார்க்கிறேன். யாரும் ஆபீசிலேயே இல்லை என்று தெரியும். இருந்தும் பார்க்கிறேன்.

அக்டோபர் 15

"பிடிக்கிறவர்களும் வீட்டில்தானே இருக்கிறார்கள், சத்தமில்லாமல் தண்ணீர்த் தொட்டியிலிருந்து ஓட்டுங்கள்" – மூன்று பேர் தனித்தனியாக இதையே எழுதியிருக்கிறீர்கள். சிரித்தேன். ஆனால் கேளுங்கள். அனுமதி இல்லாத இடத்திலிருந்து ஒலிபரப்புவது லைசென்ஸ் மீறல், பிறகு அபராதம். லைசென்ஸ் புதுப்பிக்கும்போது, விதி மீறவில்லை என்று உறுதிமொழி கொடுக்க வேண்டும், அங்கே நான் கையெழுத்துப் போட முடியாது. லைசென்சே இல்லாத திருட்டு ஒலிபரப்புக்கோ 2020ல் வந்த சட்டப்படி நாளைக்கு ஒரு லட்சம் டாலர் வரை அபராதம் போடலாம். அதைவிட மோசம், ஒரு முறை திருட்டு வானொலி நடத்தியவர் எல்.பி.எஃப்.எம். லைசென்ஸே வாங்கக்கூடாது என்று விதி இருக்கிறது. விண்ணப்பத்திலேயே சத்தியம் செய்ய வேண்டும். பெரிய கம்பெனிக்குக்கூட இந்தக் கட்டுப்பாடு இவ்வளவு கடுமையாகக் கிடையாது.

அக்டோபர் 20

2019 ஜனவரியை யாரோ நினைவுபடுத்தினார்கள். அந்த முடக்கம் 2018 டிசம்பர் 22ல் தொடங்கி 35 நாள். எஃப்.சி.சி.யிடம் கையிருப்பு கொஞ்சம் இருந்ததால் ஜனவரி 3 மதியம் வரை தாக்குப்பிடித்தது. 2013 மாதிரி இல்லாமல் அந்த முறை இணையத்தில் சில அமைப்புகளைத் திறந்தே விட்டார்கள், விண்ணப்பம் ஏற்றலாம், யாரும் பார்க்கமாட்டார்கள். பெரிய நிலையங்கள் காலாண்டுக்கு ஒரு முறை ஊர்ப் பிரச்சினைகளைப் பற்றி என்ன ஒலிபரப்பினோம் என்ற பட்டியலைப் பொதுமக்கள் பார்க்கும் தளத்தில் ஏற்ற வேண்டும். ஜனவரி 10 கடைசி நாள். அந்தத் தளம் இருண்டு கிடந்தது. எல்.பி.எஃப்.எம்.முக்கு அந்தப் பட்டியல் தேவையில்லை, தேர்தல் வேட்பாளர்கள் ஒலிபரப்பு நேரம் கேட்டதைப் பதியும் கோப்பு மட்டும் வைத்திருந்தால் போதும். அதனால் எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஆனால் ஒன்று மனதில் நின்றது. அலைவரிசை ஏலப் பணியில் இருந்த ஊழியர்கள் அப்போதும் வேலைக்கு வந்தார்கள். அவர்கள் சம்பளம் ஏல வருமானத்திலிருந்து வருகிறது, பட்ஜெட்டிலிருந்து அல்ல. கோடிகளில் வாங்குகிறவனுக்கு மேசையில் ஆள் உண்டு.

அக்டோபர் 26

"அவசரம் என்றால் தற்காலிக அனுமதி கேட்கலாமே?" கேட்கலாம். உயிராபத்து, பேரிடர் என்றால் முடக்கத்திலும் பார்ப்பார்கள். ஒரு கிடங்கு முதலாளி துரத்துகிறார் என்பது பேரிடர் கணக்கில் வராது.

அந்தத் தற்காலிக அனுமதி எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு 2005 கத்ரீனாப் புயலைச் சொல்லலாம். மிசிசிபியில் பே செயின்ட் லூயிஸ் என்ற கடற்கரை ஊரில் டபிள்யூ.க்யூ.ஆர்.இசட். என்ற குட்டி நிலையம். சுற்றிலும் பெரிய நிலையங்கள் வீழ்ந்தபோது அது தப்பித்துப் பேசிக்கொண்டிருந்தது. எங்கே குடிநீர், எங்கே பனிக்கட்டி, எந்தச் சாலை திறந்திருக்கிறது என்று. எஃப்.சி.சி. திறனைக் கூட்ட உடனே அனுமதித்தது.

அதே வாரங்களில் ஹூஸ்டனில் ஆஸ்ட்ரோடோம் விளையாட்டரங்கில் புயல் அகதிகள் தங்கியிருந்தார்கள். அவர்களுக்காக ஒரு தற்காலிக எஃப்.எம்.முக்கு எஃப்.சி.சி. மளமளவென்று லைசென்ஸ் கொடுத்துவிட்டது. உள்ளூர் அதிகாரிகள்தான் அரங்குக்குள் விடவில்லை. கடைசியில் கார் நிறுத்துமிடத்தில் வண்டி போட்டு ஒலிபரப்பினார்கள். வாஷிங்டன்தான் எப்போதும் தடை என்று நினைப்பவர்கள் இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அக்டோபர் 28

டெக்சாஸ் வாசகருக்கு: 2023ல் விண்ணப்பித்துக் கட்டுமான அனுமதி வாங்கியவர் நீங்கள் என்றால் பதற வேண்டாம். கட்டி முடிக்க முன்பு 18 மாதம்தான் கொடுப்பார்கள், இப்போது மூன்று வருடம். ஆனால் முடக்க நாட்கள் அதில் தானாகக் கூடிவிடும் என்று நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். கெடு நீள்வதற்கு இயற்கைச் சீற்றம், வழக்கு என்று தனிக் காரணங்கள் உண்டு. கான்கிரீட் போட வேண்டுமென்றால் இப்போதே போடுங்கள், அதற்கு வாஷிங்டன் தேவையில்லை.

நவம்பர் 1

நேற்று இறக்கிவிட்டோம்.

காலையில் கோபுரம் ஏறுகிறவர் வந்தார். முதலில் மைக் பக்கத்தில் உட்கார்ந்து நிலையத்தின் அழைப்புக்குறியைச் சொன்னேன், பிறகு டிரான்ஸ்மிட்டரை அணைத்தோம். உள்ளே மின்விசிறி மட்டும் கொஞ்ச நேரம் சுற்றியது. மேலிருந்து இரண்டடுக்கு ஆண்டெனா கயிற்றில் இறங்கி வந்தது. அதன் கீழ்ப் பக்கத்தில் புறா எச்சம் கெட்டியாகப் படிந்திருந்தது. அதைச் சுரண்டுவதற்கே மெக்கானிக்குக்கு மதியம் ஆகிவிட்டது. கேபிள் சுருள் இப்போது என் கார் ஷெட்டில், பனிவாரும் மண்வெட்டிக்குப் பக்கத்தில்.

ஒலிபரப்பு நின்றால் பத்தாம் நாளுக்குள் எஃப்.சி.சி.க்கு அறிவிக்க வேண்டும். முப்பது நாளுக்கு மேல் போனால் மௌனமாக இருக்கவே அனுமதி கேட்க வேண்டும். ஆமாம், பேசாமல் இருப்பதற்கும் அனுமதி. முதலாவதை நேற்று இரவே ஏற்றிவிட்டேன். முடக்கத்தில் ஏற்றியது திறந்த பிறகுதான் வந்ததாகக் கணக்கு. இருந்தாலும் தேதியோடு ஒரு தடயம் இருக்கட்டும்.

நவம்பர் 2

"ஸ்ட்ரீமிங் இருக்கிறதே, அதில் கேட்டுக்கொள்கிறோம்." நன்றி, கேளுங்கள். ஆனால் ஸ்ட்ரீமிங் லைசென்சைக் காப்பாற்றாது. தொடர்ந்து 12 மாதம் ஆகாயத்தில் ஒலிபரப்பவில்லை என்றால் லைசென்ஸ் தானாகச் செத்துவிடும். இது எஃப்.சி.சி. போட்ட விதி அல்ல, நாடாளுமன்றம் போட்ட சட்டம், பிரிவு 312. நியாயம் கருதி எஃப்.சி.சி. விலக்குத் தரலாம், தந்துமிருக்கிறது. அதை நம்பி யாரும் நிலையம் நடத்தமாட்டார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. ஃப்ளோரிடாவில் இம்மோகலி என்ற ஊரில் தக்காளித் தோட்டத் தொழிலாளர் சங்கம் ஒன்று தனக்கென்று குறைந்த திறன் எஃப்.எம். நடத்துகிறது. வயலில் வேலை செய்கிறவனிடம் டேட்டா பேக்கைப் பற்றிப் பேச முடியாது. எங்கள் ஊரில் வயல் இயந்திரத்துக்குள் உட்கார்ந்து என் தமிழ் நிகழ்ச்சியைக் கேட்கும் ஒரு விவசாயி இருக்கிறார். ஒரு வார்த்தை புரியாது. நாதஸ்வரம் வரும்போது மட்டும் போன் செய்து அது என்ன கருவி என்று கேட்பார். ஒவ்வொரு முறையும் சொல்கிறேன், ஒவ்வொரு முறையும் கேட்கிறார்.

நவம்பர் 5

35 நாளைத் தாண்டிவிட்டது. சாதனையாம்.

நவம்பர் 13

நேற்று இரவு கையெழுத்தாகி முடிந்தது, 43 நாள். காலையில் பார்த்தால் அதே "நிலுவையில்".

நாற்பது நாளுக்கு மேல் குவிந்த காகிதம் முன்னால். அதற்குள் வந்திருக்க வேண்டிய ஃபைலிங் எல்லாவற்றுக்கும் ஒரே புதுத் தேதி கொடுப்பார்கள். ஆகவே நாடு முழுக்க எல்லா வக்கீலும் ஒரே வாரத்தில் ஏற்றுவார்கள். தினசரி வெளியாகும் விண்ணப்பப் பட்டியலும் நின்றிருந்தது. அந்தப் பட்டியலில் பெயர் வந்த பிறகுதான் ஆட்சேபணைக்கான நாட்கள் ஓடத் தொடங்கும். அதனால் பல கோப்புகளில் 43 நாள் என்பது 43 நாளோடு முடியாது.

நவம்பர் 14

பொறியாளரிடமிருந்து பதில் வந்தது. நாங்கள் அக்டோபரில் அனுப்பிய எல்லாவற்றையும் வரிசையாகப் படித்துவிட்டு ஒரே வரி: பார்க்கிறேன், கொஞ்சம் பொறுங்கள். அவருக்கும் அவர் சகாக்களுக்கும் பின்சம்பளம் வருமா என்று இங்கே ஒருவர் கேட்டார். வரும், 2019லேயே அதற்குச் சட்டம் போட்டுவிட்டார்கள். ஆனால் நடுவில் வந்த வீட்டு வாடகை காத்திருக்காது.

நவம்பர் 22

அதே கணக்கை எங்களுக்கும் போட்டுப் பார்த்தேன். முடக்கத்தால் எந்த அரசுக் கெடுவும் எங்களுக்குத் தவறவில்லை. எஃப்.சி.சி. தன் பக்கத்துத் தேதிகளை ஒழுங்காகத் தள்ளி வைத்தது. குறை சொல்ல முடியாது. ஆனால் எங்களைச் சுற்றி மற்ற தேதிகள் இருந்தன. தண்ணீர்த் தொட்டிக்கு ஊராட்சியோடு போட்ட ஒப்பந்தத்தில் வாடகை அக்டோபர் 1 முதல். ஒரு வாட்கூட ஒலிபரப்பாமல் கட்டுகிறோம். கோபுரம் ஏறுகிறவர் அக்டோபருக்கு வாங்கிய முன்பணம் அப்படியே இருக்கிறது, ஆனால் அவருடைய அடுத்த காலி நாள் ஜனவரியில். அதற்குள் ஐஸ் பிடித்துவிடும். இசை உரிமைக் கட்டணம் தனியார் நிறுவனங்களுக்குப் போவது, அதற்கு முடக்கம் கிடையாது. ஊர்ப் பள்ளியின் கூடைப்பந்து நேர்முக வர்ணனைதான் எங்களுக்கு ஆதரவாளர்களைக் கொண்டுவருவது. அந்த சீசன் நவம்பர் கடைசியில் தொடங்குகிறது, ஆண்டெனாவோ ஷெட்டில் கிடக்கிறது.

இதே 43 நாளில் வணிக நிலையக் கம்பெனிக்கு என்ன நடந்திருக்கும்? அவர்களுக்கு இன்னொரு கோபுரம் இருக்கிறது, துணை டிரான்ஸ்மிட்டர் இருக்கிறது, வாஷிங்டனில் வக்கீல் இருக்கிறார். ஒரு கையெழுத்துத் தாமதமானால் இன்னொரு வழியில் போவார்கள். எங்களுக்கு இருப்பது ஒரு ஆண்டெனா, ஒரு இடம்.

2013ல் லாபம் என்று மேலே எழுதினேனே, அதை மாற்றவில்லை. அப்போது எங்களிடம் நிலையமே இல்லை, இழப்பதற்கு ஒன்றும் இல்லை. கால நீட்டிப்பு புதிதாகத் தொடங்குகிறவனுக்கு உதவும். ஓடிக்கொண்டிருப்பவனுக்கு அது பட்டினி.

நவம்பர் 23

"பொது ஒலிபரப்புக் கழகத்தின் பணத்தை நிறுத்தியதோடு ஒப்பிட்டால் இதெல்லாம் தூசு" என்ற கருத்துக்கு: உண்மைதான். இந்தக் கோடையில் நாடாளுமன்றம் ஏற்கெனவே ஒதுக்கிய சுமார் 110 கோடி டாலரைத் திரும்பப் பெற்றுக்கொண்டது, கழகமும் கடையைக் கட்டுவதாக ஆகஸ்டில் அறிவித்துவிட்டது. ஆனால் அந்தப் பணம் பெரும்பாலும் பொது டி.வி. நிலையங்களுக்கும் முழுத்திறன் பொது வானொலிகளுக்கும் போனது. எங்களைப் போன்ற நூறு வாட் ஆசாமிகள் அந்தப் பந்தியிலேயே உட்கார்ந்ததில்லை. வேண்டுமானால் அதற்குத் தனி இழை தொடங்குங்கள்.

டிசம்பர் 9

வந்துவிட்டது. இடமாற்றத்துக்கான கட்டுமான அனுமதி.

மௌனத்துக்கான அனுமதி விண்ணப்பம் ஒன்று போட்டிருந்தேன், அதைத் திரும்பப் பெறலாமா என்று கேட்கிறார்கள். இன்னும் பேச ஆரம்பிக்கவில்லையே, இருக்கட்டும்.

டிசம்பர் 10

மிச்சிகன் தம்பிக்கு, அடுத்த முடக்கம் வந்தால் என்று கேட்டதற்கு: இப்போதைய நிதி ஜனவரி 30 வரைதான். எங்களுக்கு அதனால் பெரிய பயமில்லை. கட்டுமான அனுமதி கையில் இருந்தால், அதில் சொன்னபடி கட்டி முடித்ததும் எஃப்.சி.சி.க்கு ஒரு அறிவிப்போடு சோதனை ஒலிபரப்பைத் தொடங்கிவிடலாம். பத்து நாளுக்குள் லைசென்ஸ் விண்ணப்பத்தை ஏற்றினால் சரி. அவர்கள் கையெழுத்துப் போடும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. நீங்கள் அடுத்த விண்ணப்பக் காலத்துக்குத் தயாராவதென்றால் எஃப்.சி.சி.யின் கையெழுத்துக்குக் காத்திருக்கத் தேவையில்லாத வேலைகளை இப்போதே முடியுங்கள். மாநிலப் பதிவு, இடத்துக்கான சம்மதக் கடிதம், அமைப்பின் பதிவெண், தரைமட்ட உயர எண். தேடல் பக்கத்தைப் பிரிண்டும் எடுத்து வையுங்கள். மெக்கானிக் சொல்லச் சொன்னார்.

இடத்துக்கான சம்மதக் கடிதத்தில் சொந்தக்காரர் மாறினாலும் ஒப்பந்தம் செல்லும் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். இது எஃப்.சி.சி. கேட்பதல்ல, நான் கேட்பது.

2026 ஜனவரி 14

ஏறியாயிற்று. கையுறையோடு இணைப்பு மாட்ட முடியாமல் பாவம் அந்த மனிதர் மேலே ரொம்ப நேரம் நின்றார். நேற்று மாலை முதல் ஓடுகிறது. லைசென்ஸ் விண்ணப்பத்தை இன்று காலையே ஏற்றிவிட்டேன்.

கிழக்குப் பக்கம் முன்பைவிட நன்றாகக் கேட்கிறது. நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் கொஞ்சம் இரைச்சல். கேட்பவர்கள் எந்த இடம், காரிலா வீட்டிலா என்று எழுதினால் உதவியாக இருக்கும். கூடைப்பந்து வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கு, தமிழ் வழக்கம்போல் சனிக்கிழமை.